தமிழில் டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்



போன இதழ்களில் விஞ்ஞானிகள், இன்ஜினியர்கள்னு நிறைய பேரைப் பார்த்தோம். இந்த முறை ஒரு டாக்டர். நம்ம இன்ஜினியரிங் பசங்களுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? கடைசி வரை படிங்க, சம்பந்தம் இருக்கு.

முதல்ல ஒரு சின்ன சோதனை. உங்க டிபார்ட்மென்ட்ல படிச்ச ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கோங்க. என்ட்ரோபி, பெண்டிங் மொமென்ட், டிரான்சிஸ்டர், எதுவா இருந்தாலும் சரி. அதை ஆங்கிலச் சொல் ரொம்பக் கலக்காம உங்க பாட்டிக்குப் புரியுற மாதிரி சொல்லிப் பாருங்க. எனக்கு ஒரு நிமிஷம் கூடத் தாண்டல. எல்.கே.ஜி.யில் இருந்தே இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நம்மில் பல பேருக்கு இதுதான் நிலைமை. பாட்டிக்கு என்ட்ரோபி புரியலன்னா ஒண்ணும் ஆகாது. ஆனா அதே பாட்டிக்கு உடம்பு சரியில்லாம போய், வைத்தியம் பார்க்க வந்தவருக்கு நோயைப் பற்றி யோசிக்கவே தமிழ் வரலன்னா? அதைவிட மோசமா, வைத்தியம் படிச்ச யாருமே அந்த ஊர்ல தங்கலன்னா?

இந்தக் கேள்வியை சுமார் 170 வருடங்களுக்கு முன்னாடி யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து யோசித்தவர் ஒரு அமெரிக்கர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். ஈழத்தில் கிறீன் என்று எழுதுவார்கள். அங்கே அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நம்ம பக்கம் அவ்வளவாகத் தெரியாது.

வூஸ்டரில் இருந்து மானிப்பாய்க்கு

1822 அக்டோபர் 10-ஆம் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்ற ஊரில் கிரீன் பிறந்தார். வசதியான, பழைய குடும்பம். அவர்கள் வீடு இருந்த இடத்துக்கே கிரீன் ஹில் என்றுதான் பெயர். அவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன். நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பார்க் உருவானதில் பெரிய பங்கு இவருக்கு உண்டு. தனித்தனியா இருந்த பகுதிகளை எல்லாம் சேர்த்து 1898-ல் இன்றைய நியூயார்க் மாநகரம் அமைந்ததற்கும் இவர்தான் முக்கியக் காரணம். அண்ணன் ஒரு மாநகரத்தைக் கட்டினார். தம்பி யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்துக்குப் போனார்.

தம்பி படித்தது நியூயார்க்கில் உள்ள காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் அண்ட் சர்ஜன்ஸில். 1845-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அது என்ன மாதிரி காலம் என்று கொஞ்சம் யோசிங்க. அவர் பட்டம் வாங்கி ஒரு வருடம் கழித்து, 1846-ல்தான் பாஸ்டனில் ஈதர் கொடுத்து வலி இல்லாமல் ஆபரேஷன் செய்ய முடியும் என்று எல்லோருக்கும் முன்னால் காட்டினார்கள். கிருமியால் நோய் வரும் என்பதை டாக்டர்களே ஏற்காத காலம். ஆபரேஷன் செய்பவர் கையைக் கழுவ வேண்டும் என்பதே சட்டமாக இல்லை.

அமெரிக்கன் போர்டு என்ற கிறிஸ்தவ மிஷன் அமைப்பு அவரை மருத்துவ ஊழியராக இலங்கைக்கு அனுப்பியது. 1847-ல் கப்பல் ஏறினார். வயது 24. நம்மில் பலர் அந்த வயதில் முதல் வேலையை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருப்போம். பல மாதப் பயணத்துக்குப் பிறகு அதே வருடம் அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடம் மானிப்பாய்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லணும். கிரீன் வந்தது மதம் பரப்பத்தான். வைத்தியம் அதற்கு ஒரு வழி. அவரே இதை ஒளித்ததில்லை, கடைசி வரை அதிலிருந்து மாறவும் இல்லை. அவருடைய மதத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அவர் கட்டிய கல்வி முறையைத் தனியாக எடுத்துப் பார்க்கலாம். நாம இங்கே பார்க்கப் போவது அதைத்தான்.

ஒரு டாக்டர் போதாது

அமெரிக்கர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816-ல். அவர்களில் முதல் டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-ல் வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். பின்னாளில் சென்னைக்கு மாறினார். இந்தப் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? வேலூரில் 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்திதான். வேலூர் சி.எம்.சி.யின் கதை யாழ்ப்பாணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது என்று சொன்னால் தப்பில்லை.

கிரீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரியைத் திறந்ததும் கூட்டம் வந்தது. ஒரு டாக்டர், ஒரு ஆஸ்பத்திரி. சுற்றி நூற்றுக்கணக்கான கிராமங்கள், போக மாட்டு வண்டிதான். ஒரு ஆள் எவ்வளவு வேகமா வேலை பார்த்தாலும் ஒரு நாளைக்கு இத்தனை பேரைத்தான் பார்க்க முடியும். அமெரிக்காவில் இருந்து இன்னும் பத்து டாக்டர்களை வரவழைத்தாலும் கணக்கு சரியாகாது. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, அவர்கள் இந்த வெயிலில் நோய் இல்லாமல் இருப்பதும் கஷ்டம், மொழி கற்கவே வருடங்கள் ஆகும்.

ஆக, வைத்தியம் பார்ப்பதைவிட வைத்தியர்களை உருவாக்குவதுதான் முதல் வேலை என்று அவருக்குப் பட்டது. 1848-லேயே விரல் விட்டு எண்ணக்கூடிய சில உள்ளூர் இளைஞர்களை வைத்து வகுப்பைத் தொடங்கிவிட்டார். இலங்கையில் மேற்கத்திய மருத்துவத்தை முறையாகக் கற்பித்த முதல் பள்ளி என்று இதைத்தான் சொல்கிறார்கள். கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி வந்தது 1870-ல். இருபத்திரண்டு வருடம் கழித்து!

முதல் பேட்ச் எங்கே போனது?

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. அதற்குக் காரணம் இருந்தது. வட்டுக்கோட்டையில் 1823-லேயே அமெரிக்கர்கள் தொடங்கிய செமினரி இருந்தது. அங்கே ஆங்கிலத்தில் கணக்கு, வானியல், தத்துவம் எல்லாம் படித்த பசங்க தயாரா இருந்தாங்க. புத்தகங்களும் ஆங்கிலத்தில் இருந்தன. அதனால் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுப்பதுதான் எளிது.

படித்து முடித்தார்கள். நல்ல டாக்டர்கள்தான். ஆனால் கிராமத்தில் தங்கவில்லை. ஆங்கிலமும் தெரியும், மருத்துவமும் தெரியும் என்றால் அரசு வேலை கதவைத் திறந்து வைத்திருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம். கிராமத்தில் இருந்தால் நோயாளி நெல்லு கொடுப்பார், இல்லை அடுத்த அறுவடைக்குத் தருகிறேன் என்பார். நீங்க அந்த இடத்தில் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீங்க? நேர்மையாச் சொன்னா, நானும் அரசு வேலைக்குத்தான் போயிருப்பேன்.

இதே பிரச்சினை செமினரிக்கும் இருந்தது. அங்கே படித்தவர்கள் அரசு உத்தியோகத்துக்குப் போவதைப் பார்த்த மிஷன், இனி ஊர் மொழியில்தான் கல்வி என்று முடிவு எடுத்தது. 1855-ல் செமினரி மூடப்பட்டது.

கிரீன் இதைப் பார்த்துப் போட்ட கணக்கு எளிமையானது. ஆங்கிலத்தில் டாக்டர் ஆக முதலில் பல வருடம் ஆங்கிலம் படிக்கணும். அதற்குப் பணம் வேணும். அதனால் ரொம்பக் குறைவான பேர்தான் உள்ளே வர முடியும். உள்ளே வந்தவர்கள் வெளியே போகும்போது ஊரை விட்டும் போய்விடுகிறார்கள். அதாவது நுழைவாயிலும் சின்னது, பின்பக்கம் ஓட்டையும் பெரியது. ஒரு தொட்டியில் இப்படி இருந்தால் தண்ணீர் எப்படி நிற்கும்? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்த நமக்கு இது தெரியும்.

இரண்டுக்கும் சேர்த்து அவர் கண்ட தீர்வு ஒன்றுதான். மருத்துவத்தையே தமிழில் சொல்லிக் கொடுத்துவிடுவது.

உடை விஷயத்தில்கூட அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தன் மாணவர்கள் கோட்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரர் மாதிரி திரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஊர்க்காரர் மாதிரி வேட்டி கட்டி, ஊர்க்காரராகவே இருக்கணும் என்று விரும்பினார். ஊரிலிருந்து அந்நியப்பட்டவர் ஊருக்கு டாக்டராக இருக்க முடியாது என்பது அவர் எண்ணம்.

புத்தகமே இல்லாத சிலபஸ்

முடிவு எடுப்பது ஈசி. தமிழில் டெக்ஸ்ட் புக் எங்கே? ஒண்ணுகூட இல்லை. இங்கேதான் கிரீனுடைய உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

நல்ல வேளையாக அவர் இருந்த இடம் அகராதிகளின் ஊர். 1842-லேயே யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய தமிழ் அகராதி அச்சாகி இருந்தது. மானிப்பாய் அகராதி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. மானிப்பாயில் மிஷனுக்குச் சொந்த அச்சகம் இருந்தது. தமிழ் நன்றாகப் படித்த உள்ளூர் ஆட்களும் இருந்தார்கள். கிரீன் தமிழ் கற்றார், பேசினார், எழுதினார். அவரும் மாணவர்களும் சேர்ந்து மொழிபெயர்ப்பைத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தது கால்வின் கட்டர் எழுதிய உடற்கூறு, உடலியல், சுகாதாரம் பற்றிய நூல். தமிழில் அதன் பெயர் அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம். பெயரைக் கேட்டால் பாதாதிகேசம் ஞாபகம் வருதா? இலக்கிய வாசனை வீசுகிற இந்தச் சொல்தான் அனாட்டமிக்கு அவர்கள் வைத்த பெயர். 1857-ல் பிரசவ வைத்தியம். அதே வருடம் உடல்நிலை காரணமாக கிரீன் அமெரிக்கா திரும்பினார். 1862-ல் மார்கரெட் வில்லியம்ஸைத் திருமணம் செய்து, மனைவியோடு மறுபடியும் மானிப்பாய்க்கே வந்தார். சொந்த நாட்டில் வசதியாகப் பிராக்டீஸ் செய்திருக்கலாம். வந்தார்.

1864-ல் இருந்து வகுப்புகள் முழுக்கத் தமிழில். புத்தகங்கள் வரிசையாக வெளிவந்தன. 1867-ல் அறுவை சிகிச்சைக்கு இரண வைத்தியம். 1872-ல் பொது மருத்துவத்துக்கு வைத்தியாகரம். அதே 1872-ல் மனுஷ அங்காதிபாதம். இந்தக் கடைசிப் புத்தகம் என்ன தெரியுமா? கிரேஸ் அனாட்டமி! இன்றைக்கும் மெடிக்கல் காலேஜ் பசங்க தூக்கிக்கொண்டு அலைகிற அதே கிரேஸ் அனாட்டமி. லண்டனில் அது முதல் முறையாக வந்தது 1858-ல். பதினாலு வருடத்தில் தமிழுக்கு வந்துவிட்டது. ஒரு யுனிவர்சிட்டி கிடையாது, அரசு நிதியில் ஒரு மொழிபெயர்ப்புத் துறை கிடையாது. மானிப்பாயில் ஒரு டாக்டரும் அவருடைய மாணவர்களும்தான்.

வேதியியல் புத்தகத்தின் பெயர் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கெமிஸ்தம். 1875-ல் வந்தது. கெமிஸ்ட்ரி என்ற சொல்லை எடுத்து, கடைசியில் தமிழுக்கு ஏற்ற அம் சேர்த்து, உள்ளூர்க்காரரா ஆக்கிவிட்டார்கள். இதில் அவர்களுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கேயும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில், தமிழ் நாக்குக்கு வருகிற மாதிரி எழுது. தூய தமிழா, கலப்புத் தமிழா என்ற சண்டையில் அவர்களுக்கு நேரமில்லை. அடுத்த வாரம் வகுப்பு இருக்கிறது, பையன் படிக்கணும், அவ்வளவுதான். உருவாக்கிய சொற்களைத் தொகுத்துத் தனியாகச் சொல் பட்டியல்களும் அச்சிட்டார்கள். அடுத்தவர் முதலில் இருந்து தொடங்க வேண்டாம் அல்லவா?

ஒரு விஷயத்தைக் கவனிங்க. இந்தப் புத்தகங்களில் கிரீன் பெயர் பெரிதாகத் தெரிந்தாலும் மொழிபெயர்ப்பு வேலையில் பெரும்பங்கு அவருடைய மாணவர்களுடையது. டன்போத், சப்மன் மாதிரி பெயர்களைப் பார்த்துவிட்டு இவர்களும் அமெரிக்கர்கள் என்று நினைக்காதீங்க. இவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளிகளில் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரை மாணவர்களுக்கு வைப்பது அன்று வழக்கம். அதனால் வரலாற்றில் இவர்களுடைய தமிழ் அடையாளம் பெயருக்குப் பின்னால் ஒளிந்துவிட்டது. தமிழை வளர்த்தவர்களுக்கே தமிழ்ப் பெயர் இல்லை என்பது ஒரு வேடிக்கையான சோகம்.

பரீட்சை காலரா வடிவில் வந்தது

ஒரு கல்வி முறை நல்லதா இல்லையா என்பது மார்க் ஷீட்டில் தெரியாது, நெருக்கடியில்தான் தெரியும். 1866, 67 வருடங்களில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி, அதாவது காலரா, பயங்கரமாகப் பரவியது. காலராவுக்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது 1880-களில்தான். அப்படியென்றால் இவர்கள் எதிரி யார் என்றே சரியாகத் தெரியாமல் போராடியவர்கள்.

அந்த நேரத்தில் கிரீனிடம் படித்தவர்கள் ஊர் ஊராக வேலை செய்தார்கள். இங்கே அவர்களுடைய தமிழ்ப் படிப்பின் பலன் என்ன என்று யோசிச்சுப் பாருங்க. வீட்டு வாசலில் பயத்தோடு நிற்கிற ஒரு அம்மாவிடம் என்ன கொடுக்கணும், எதைத் தொடக்கூடாது, ஏன் என்று சொல்ல அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வகுப்பில் படித்த அதே சொல்லை வாசலிலும் சொல்லலாம். படித்த மொழியும் பேசுகிற மொழியும் ஒன்றாக இருப்பது அன்றைக்கு உயிர் காக்கிற விஷயம்.

மொத்தத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கிரீனிடம் படித்து டாக்டர் ஆனார்கள். இன்றைக்கு ஒரு மெடிக்கல் காலேஜில் ஒரு வருட அட்மிஷனைவிட இது குறைவு. ஆனால் அன்றைய யாழ்ப்பாணத்துக்கு அது பெரிய எண்ணிக்கை.

சரி, இது ஜெயித்ததா?

இங்கேதான் கதை கொஞ்சம் கசக்கும். 1873-ல் உடல்நிலை மறுபடியும் கெட்டு கிரீன் அமெரிக்கா போனார். திரும்பி வரவில்லை. அவர் போன பிறகு தமிழ் மருத்துவ வகுப்பு நீண்ட காலம் நீடிக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலத்தில் நடந்த அரசு மருத்துவப் பள்ளிதான் நிலைத்தது. 1978-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் வந்தபோது அதுவும் ஆங்கிலத்தில்தான்.

ஏன் நிற்கவில்லை? எனக்குத் தோன்றுகிற காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் காரணம், வேலை. தமிழில் படித்தவருக்கு அரசின் மேல்படிகள் திறக்காது. கிரீன் மாணவனை ஊரோடு கட்டிப்போட நினைத்தார். ஊருக்கு அது நல்லது. ஆனால் அந்த மாணவனுடைய பக்கத்தில் நின்று பாருங்க. உனக்கு ஏணி வேண்டாம், ஊர் போதும் என்று இன்னொருவர் முடிவு செய்வது நியாயமா? அதுவும் முடிவு செய்பவர் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய அமெரிக்கர். இந்தக் கேள்விக்கு எளிதான பதில் கிடையாது. கிராமத்தில் தங்குகிறவருக்கும் சம்பளமும் மரியாதையும் பதவி உயர்வும் கொடுக்காமல், மொழியை மட்டும் மாற்றினால் அது பாதி சீர்திருத்தம்தான்.

இரண்டாவது காரணம், அறிவு நிற்காமல் ஓடியது. கிரேஸ் அனாட்டமி தமிழில் வருகிற அதே காலத்தில் ஐரோப்பாவில் மருத்துவம் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. 1867-ல் லிஸ்டர் கிருமிநாசினி போட்டு ஆபரேஷன் செய்யும் முறையை வெளியிட்டார். பாஸ்டர், கோக் எல்லாம் கிருமிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார்கள். அறுவை சிகிச்சைப் புத்தகம் ஒன்று பத்து வருடத்தில் பழசாகிவிடும். அதைத் திருத்த, அடுத்த பதிப்பு போட, புதுச் சொல் உருவாக்க ஒரு நிரந்தரமான அமைப்பு வேண்டும். இங்கே இருந்தது ஒரு மனிதரும் அவருடைய சின்ன அணியும். மெயின்டெய்னர் போய்விட்ட ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களைக் கேளுங்க.

மூன்றாவது காரணம், காலம் அவருக்கு எதிராக இருந்தது. கல்கத்தாவில் 1822-ல் தொடங்கிய ஒரு மருத்துவப் பள்ளியில் இந்திய மொழிகளில் பாடம் நடந்தது. 1835-ல் ஆங்கில அரசு அதை மூடி, ஆங்கிலத்தில் கல்கத்தா மெடிக்கல் காலேஜைத் திறந்தது. சென்னையில் மருத்துவப் பள்ளி வந்ததும் அதே 1835-ல். பேரரசு பெரும்பாலும் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தபோது மானிப்பாய் எதிர்ப்பக்கம் நடந்தது.

அப்போ தோற்றுவிட்டாரா? முடிவு சொல்வதற்கு முன்னால் இன்றைய நிலைமையைப் பாருங்க. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல ஏழை நாடுகள் மக்கள் வரிப்பணத்தில் டாக்டர்களை உருவாக்குகின்றன. அவர்களில் பலர் பட்டம் வாங்கியதும் பணக்கார நாடுகளுக்குப் போய்விடுகிறார்கள். பிரச்சினை எவ்வளவு பெரியது என்றால், மருத்துவப் பணியாளர்களை வெளிநாடுகள் வேலைக்கு எடுப்பதற்கு என்றே 2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. யாரை மாணவராக எடுப்பது, எங்கே வைத்துப் பயிற்சி கொடுப்பது, எந்த நோய்களை முதலில் சொல்லிக் கொடுப்பது, எந்த மொழியில் சொல்லிக் கொடுப்பது, படித்தவரை ஊரில் எப்படித் தங்க வைப்பது? இன்று மருத்துவக் கல்வியைச் சீர்திருத்துகிறவர்கள் கேட்கிற இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றை மானிப்பாயில் ஒருவர் நடைமுறையில் கேட்டுப் பார்த்துவிட்டார். பதில் முழுசாகச் சரியில்லாமல் இருக்கலாம். கேள்வி சரி.

மொழி விஷயமும் முடிந்துபோன கதை இல்லை. 2022-ல் மத்தியப் பிரதேசத்தில் எம்.பி.பி.எஸ். முதல் வருடப் புத்தகங்களை இந்தியில் வெளியிட்டார்கள். நம்ம அண்ணா பல்கலைக்கழகமே 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் மீடியத்தில் தொடங்கியது. அந்த வகுப்புகளில் சேர்ந்தவர்களுக்கு இருந்த பயம் என்ன? புத்தகம் இருக்குமா, கம்பெனிக்காரன் வேலை கொடுப்பானா? 1864-ல் மானிப்பாயில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் இதே இரண்டு பயம்தான் இருந்திருக்கும். பாட்டியிடம் பேசத் தமிழும், இன்டர்வியூவில் பேச ஆங்கிலமும் நமக்கு இரண்டுமே வேணும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்காத ஒரு படிப்பை இன்னும் யாரும் முழுசாக டிசைன் பண்ணவில்லை.

கடைசிப் பதினோரு வருடங்கள்

வூஸ்டருக்குத் திரும்பிய கிரீன் ஓய்வெடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த மாணவர்களோடு கடிதம் மூலம் வேலை தொடர்ந்தது. கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் போய், கப்பலில் வந்தன. இன்றைக்கு ஒரு ஷேர்டு டாக்குமென்டில் ஒரு நிமிடத்தில் செய்கிற திருத்தத்துக்கு அன்று மாதக்கணக்கு ஆகும். கெமிஸ்தம் வெளிவந்தபோது அவர் மானிப்பாயில் இல்லை. டால்டனின் உடலியல் நூல் மனுஷ சுகரணம் என்ற பெயரில் 1883-ல் வந்தது. டால்டன் யார் என்று பார்த்தால், கிரீன் படித்த அதே நியூயார்க் கல்லூரியில் பிற்காலத்தில் பேராசிரியராக இருந்தவர். தன் காலேஜின் பாடத்தைத் தன் கடைசி வருடங்களில் தமிழுக்குக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் மருத்துவம்.

1884 மே 28-ஆம் தேதி, தான் பிறந்த ஊரிலேயே கிரீன் இறந்தார். வயது 61. அவர் குடும்பத்து நிலமான கிரீன் ஹில் இப்போது வூஸ்டர் நகரத்தின் பெரிய பூங்கா. அவருடைய கல்லறைக் கல்லில், அவர் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். பனி கொட்டுகிற ஒரு அமெரிக்க ஊரின் கல்லறைத் தோட்டத்தில், தமிழர் என்ற சொல் ஒரு கல்லில் இருக்கிறது. மானிப்பாயில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஈழத்துக் கவிஞர் அம்பி அவரைப் பற்றி எழுதி, மறந்துபோன பெயரை மறுபடியும் பலருக்கு ஞாபகப்படுத்தினார்.

எனக்கு இந்த வாழ்க்கையில் பிடித்தது அவருடைய தியாகத்தைவிட அவருடைய வேலைமுறைதான். பிரச்சினையைப் பார்த்தார். முதல் தீர்வைச் செய்து பார்த்தார். அதில் படித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று கவனித்தார். சரியில்லை என்றதும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த முறையை மாற்றினார். மாற்றத்துக்குத் தேவையான புத்தகம், சொல் பட்டியல், ஆட்கள் எல்லாவற்றையும் தானே தயார் செய்தார். நம்ம டிசைன் பேப்பரில் ஃபீட்பேக் லூப் என்று படம் போட்டு ரெண்டு மார்க் வாங்குகிறோமே, அதைத்தான் அவர் செய்தார்.

இந்த செமஸ்டர் ஃபைனல் இயர் நண்பர்கள் எல்லோரும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருப்பீங்க. நூறு பக்கம் ஆங்கிலத்தில் எழுதுங்க, அது தேவைதான். கூடவே ஒரே ஒரு பக்கம், நீங்க என்ன செய்தீங்க என்று தமிழில் எழுதி எங்களுக்கு அனுப்புங்க. சொல் கிடைக்கலன்னா பயப்படாதீங்க. கெமிஸ்தம் மாதிரி நீங்களே ஒன்றை உருவாக்குங்க. அடுத்த இதழில் போடுவோம்.